ஹார்ட் டிஸ்க் மிரர்: அறிகுறி பார்த்துக் கோளாறு பிடிப்பது எப்படி

வீட்டுக் கணினியில் இரண்டு ஹார்ட் டிஸ்க்கை மிரராக, அதாவது இரண்டிலும் ஒரே தரவு பதிவாகும்படி ரெய்டு 1 ஆகப் போடுவது இப்போது பெரிய வித்தை இல்லை. லினக்ஸ் தெரிந்தவருக்கு அரை மணி நேர வேலை. தொல்லை அதற்கு அப்புறம்தான். இரண்டில் ஒன்று செத்தாலும் கணினி வழக்கம்போல பூட் ஆகும், கல்யாண வீடியோ ஓடும், ஸ்கேன் செய்து வைத்த பத்திரம் திறக்கும். அதற்காகத்தானே மிரர் போட்டோம்! ஆனால் அதனாலேயே செத்தது யாருக்கும் தெரியாமல் போகிறது. இரண்டாவதும் படுத்த அன்றுதான் முதலாவது எப்போதோ போய்விட்டது தெரிய வருகிறது. கீழே உள்ள அறிகுறிகளில் முதலாவதை மட்டும் படித்துச் சரிசெய்தாலே பாதிக் கிணறு தாண்டிய மாதிரி.

இங்கே நான் வைத்துப் பேசுவது டெபியன் அல்லது உபுண்டு லினக்ஸ், மிரரை அமைத்து நிர்வகிக்கும் எம்டிஅட்ம் என்ற நிரல், இரண்டு 4 டிபி சாட்டா டிஸ்க், அதன் மேல் இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம். மதர்போர்டின் பயாஸ் தரும் ரெய்டு பற்றி எழுதவில்லை. போர்டு போனால் அதே வகை போர்டு தேடி அலைய வேண்டிவரலாம் என்பதால் வீட்டுக்கு அதை நான் சிபாரிசு செய்வதில்லை. எம்டிஅட்ம் மிரரை எந்த லினக்ஸ் கணினியில் மாட்டினாலும் எடுக்கலாம். கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் தந்திருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலத்தில் தட்டுங்கள். முன்னால் சூடோ சேர்க்க மறக்காதீர்கள்.

எதையும் தொடுவதற்கு முன்

முதலில் படிக்க மட்டும் செய்யுங்கள். மூன்று இடம் பார்த்தால் போதும். ஒன்று, மிரரின் நிலையைக் காட்டும் /ப்ராக்/எம்டிஸ்டாட் கோப்பு. இரண்டு, எம்டிஅட்ம் --டீடெயில் /டெவ்/எம்டி0. மூன்று, டிஸ்க் தன் உடல்நலம் பற்றி வைத்திருக்கும் ஸ்மார்ட் பட்டியலைக் காட்டும் ஸ்மார்ட்சிடிஎல் -ஏ, இரண்டு டிஸ்க்குக்கும் தனித்தனியே. இந்த மூன்றின் வெளியீட்டையும் ஒரு பென் டிரைவிலோ, இல்லை போனில் படமாகவோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு யாரிடமாவது உதவி கேட்டால் முதலில் கேட்கப்படுவது இதுதான்.

செய்யவே கூடாதது ஒன்று: ஏற்கெனவே தரவு உள்ள டிஸ்க்கின் மேல் --க்ரியேட் போடுவது. "அசெம்பிள் ஆகவில்லை (துண்டுகள் ஒன்று சேரவில்லை), புதிதாக உருவாக்கிப் பார்க்கலாமே" என்று பலருக்கும் தோன்றும். சூப்பர்பிளாக், அதாவது மிரரின் விவரம் எழுதிய பகுதி, புதிதாக எழுதப்படும், தரவு தொடங்கும் இடம் மாறக்கூடும், எந்தத் திசையில் நகலெடுப்பது என்பதையும் லினக்ஸுக்குள் மிரரை ஓட்டும் எம்டியே தீர்மானித்துவிடும். பிழைத்திருந்த டிஸ்க்கையும் அது கொன்றுவிடலாம்.

அறிகுறி: ஒன்றுமே இல்லை, எல்லாம் நன்றாக ஓடுகிறது

இதுதான் ஆபத்தானது. மின்னஞ்சல் எதுவும் வரவில்லை என்பதால் மிரர் நலமாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள முடியாது. கண்காணிப்பே வேலை செய்யாமல் இருக்கலாம்.

டெபியனில் எம்டிஅட்ம் நிறுவியதும் பின்னணியில் ஒரு கண்காணிப்பு ஓடத் தொடங்கிவிடும். /ஈடிசி/எம்டிஅட்ம்/எம்டிஅட்ம்.கான்ஃப் கோப்பைத் திறந்தால் "மெயில்அடர் ரூட்" என்றொரு வரி இருக்கும். டிஸ்க் போனால் ரூட் என்ற நிர்வாகப் பயனருக்கு அஞ்சல் போகும் என்று அதற்குப் பொருள். அந்த ரூட்டின் அஞ்சல் பெட்டி உங்கள் கணினிக்குள்ளேயே ஒரு மூலையில் இருக்கும் ஒரு கோப்பு. அதை யார் திறந்து பார்க்கிறார்கள்? பெரும்பாலான வீட்டு நிறுவல்களில் அஞ்சல் அனுப்பும் நிரலே இருக்காது. அப்படியானால் அந்தக் கோப்பில்கூட எதுவும் விழாது.

சோதிக்க ஒரு கட்டளை உண்டு: எம்டிஅட்ம் --மானிட்டர் --ஸ்கேன் --டெஸ்ட் --ஒன்ஷாட். ஒவ்வொரு மிரருக்கும் "டெஸ்ட்மெசேஜ்" என்று ஒரு அஞ்சல் அனுப்பும். ஐந்து நிமிடத்தில் உங்கள் போனுக்கு வந்ததா? வரவில்லை என்றால் கண்காணிப்பு இல்லை என்றே கணக்கு.

சரிசெய்ய எளிய வழி எம்எஸ்எம்டிபி என்ற அஞ்சல் அனுப்பும் நிரல். அதோடு எம்எஸ்எம்டிபி-எம்டிஏ பொதியையும் சேர்த்து நிறுவினால் எம்டிஅட்ம் தேடும் சென்ட்மெயில் என்ற பெயரில் அது தன்னை வைத்துக்கொள்ளும். ஜிமெயில் வழியாக அனுப்புவதானால் சாதாரணக் கடவுச்சொல் செல்லாது. 2022 மே 30க்குப் பிறகு கூகுள் அந்த வழியை மூடிவிட்டது. கணக்கில் இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டுக்கொண்டு, ஆப் பாஸ்வேர்டு ஒன்று எடுத்து அதைக் கொடுங்கள். மெயில்அடர் வரியில் ரூட்டை அழித்துவிட்டு நீங்கள் தினமும் பார்க்கும் முகவரியைப் போடுங்கள். மெயில்ஃப்ரம் வரியில் அதே ஜிமெயில் முகவரி இருக்கட்டும், இல்லையென்றால் ஸ்பாமில் விழும் வாய்ப்பு அதிகம்.

அஞ்சலே பார்க்காத ஆளா நீங்கள்? கான்ஃப் கோப்பில் "ப்ரோக்ராம்" என்று ஒரு வரி சேர்த்து ஒரு சிறு ஸ்கிரிப்ட்டின் பாதையைக் கொடுக்கலாம். நிகழ்வின் பெயர், எந்த மிரர், எந்த டிஸ்க் என்ற விவரங்களை எம்டிஅட்ம் அந்த ஸ்கிரிப்ட்டுக்குத் தரும். அதை டெலிகிராமுக்கு அனுப்புவதோ திரையில் பெரிய சிவப்புப் பெட்டியாகக் காட்டுவதோ உங்கள் விருப்பம். ஒன்றை நினைவில் வையுங்கள்: அஞ்சல் வருவது ஃபெயில், டிகிரேடட்அரே போன்ற சில கெட்ட செய்திகளுக்கு மட்டும். ஸ்கிரிப்ட்டோ எல்லா நிகழ்வுக்கும், மறுகட்டமைப்பு (சேர்த்த டிஸ்க்குக்கு நகலெடுப்பது) முடிந்ததற்கும்கூட, ஓடும். வடிகட்டாமல் விட்டால் போன் விடாமல் அலறும், நீங்களே ஒரு நாள் அதை மியூட் செய்துவிடுவீர்கள்.

இத்தனையும் டிஸ்க் போன பிறகு சொல்பவை. போவதற்கு முன் சொல்ல, ஸ்மார்ட் பட்டியலைக் கண்காணிக்கும் ஸ்மார்ட்டி என்ற நிரல் இருக்கிறது. ஸ்மார்ட்மான்டூல்ஸ் பொதியை நிறுவி, /ஈடிசி/ஸ்மார்ட்டி.கான்ஃப் கோப்பில் தினம் ஒரு குறுஞ்சோதனை, வாரம் ஒரு நெடுஞ்சோதனை என்று அட்டவணை போடுங்கள். இரவு இரண்டு மணி என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதாதீர்கள். வீட்டுக் கணினி அந்நேரம் அணைந்திருக்கும். இரவு ஒன்பது மணிக்கு ஓடினால் என்ன குறைந்துவிடும்?

அறிகுறி: எம்டிஸ்டாட்டில் யூ ஒன்றுக்குப் பதில் கோடு தெரிகிறது

நலமாக உள்ள மிரரில் [2/2] [யூயூ] என்று இருக்கும். ஒன்று போய்விட்டால் இப்படி:

எம்டி0 : ஆக்டிவ் ரெய்டு1 எஸ்டிபி1[1] எஸ்டிஏ1[0](எஃப்)
3906885440 பிளாக்ஸ் சூப்பர் 1.2 [2/1] [_யூ]

[2/1] என்றால் இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் ஓடுகிறது. டிஸ்க் எதையும் மாற்றாத மிரரில், கோடு எந்த இடத்தில் விழுந்திருக்கிறதோ அந்த எண்ணுள்ள டிஸ்க்தான் போனது. மேல் வரியில் டிஸ்க்குகள் எழுதியிருக்கும் வரிசையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இந்த உதாரணத்தில் எஸ்டிபி முதலில் வருகிறது, ஆனால் கோடு எஸ்டிஏவின் இடத்தில். பக்கத்தில் (எஃப்) இருப்பதும் அதைத்தான் சொல்கிறது. ஒருமுறை ரீபூட் செய்துவிட்டால் அந்த (எஃப்) போய்விடும், செத்த டிஸ்க்கின் பெயரே வரியில் இருக்காது. கோடு மட்டும் மிஞ்சும். ஆகவே ரீபூட் செய்யும் முன் கர்னலின் (லினக்ஸின் மையப் பகுதியின்) பதிவை, அதாவது டிஎம்இஎஸ்ஜி, ஜர்னல்சிடிஎல் -கே இரண்டின் வெளியீட்டையும் சேமித்துக்கொள்ளுங்கள்.

டிஸ்க்கைத் தூக்கிப்போட அவசரப்பட வேண்டாம். கேபிளா டிஸ்க்கா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். ஸ்மார்ட் பட்டியலில் 199 என்ற எண்ணுள்ள வரி, யூடிஎம்ஏ சிஆர்சி பிழை. டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் இடையே போகும் தரவு வழியில் கெட்டால் இந்த எண் ஏறும். இது ஏறி, 5, 197, 198 மூன்றும் சுழியமாக இருந்தால் பழி சாட்டா கேபிள் மேல்தான். கர்னல் பதிவில் "ஹார்ட் ரீசெட்டிங் லிங்க்" என்ற வரி திரும்பத் திரும்ப வரும், 6.0 ஜிபிபிஎஸ்ஸில் இருந்த இணைப்பு 3.0க்கும் பிறகு 1.5க்கும் இறங்குவதைக்கூட அங்கேயே பார்க்கலாம். கேபிளை மாற்றுங்கள், முடிந்தால் கிளிப் வைத்ததாக. மதர்போர்டில் வேறு போர்ட்டில் செருகிப் பாருங்கள். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் பவர் இணைப்பையும், முக்கியமாக மோலெக்ஸிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் மலிவான அடாப்டர் ஏதும் நடுவில் இருந்தால் அதையும் பாருங்கள். பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தால் உடனே குப்பைக்கு. 199இன் எண் பழையபடி இறங்கவே இறங்காது. கேபிள் மாற்றிய பின்னும் அது 43 என்றே நின்றால் அது நல்ல செய்தி. 44 ஆனால்தான் கவலை.

5 என்பது மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்கள், அதாவது டிஸ்க்கில் தரவு எழுதும் சிறு கட்டங்கள். 197 படிக்க முடியாமல் முடிவுக்குக் காத்திருப்பவை. 198 சோதனையில் படிக்கவே முடியாமல் போனவை. இவை சுழியத்தைத் தாண்டி வாரா வாரம் கூடுகின்றன என்றால் டிஸ்க் கிளம்பிவிட்டது. ஆயிரக்கணக்கான டிஸ்க்குகளை ஓட்டும் பேக்பிளேஸ் நிறுவனமும் 5, 187, 188, 197, 198 ஆகிய ஐந்தைத்தான் முன்னறிவிப்பாகப் பார்ப்பதாக எழுதியிருக்கிறது. பட்டியலில் "பாஸ்ட்" என்று பெரிதாக வரும் ஒட்டுமொத்தத் தீர்ப்பை நான் பொருட்படுத்துவதில்லை. சாகும் நிலையிலுள்ள டிஸ்க்கும் அதில் பாஸாகிவிடும்.

கேபிள்தான் காரணம் என்று உறுதியானால்: எம்டிஅட்ம் /டெவ்/எம்டி0 --ரீ-ஆட் /டெவ்/எஸ்டிஏ1. மிரரில் உள் பிட்மேப் (எந்தப் பகுதி மாறியது என்ற குறிப்பு) இருந்தால், வெளியே இருந்த நேரத்தில் மாறிய பகுதிகளை மட்டும் நகலெடுத்துச் சில நிமிடங்களில் முடித்துவிடும். 100 ஜிபிக்கு மேற்பட்ட மிரர்களுக்கு எம்டிஅட்ம் தானாகவே பிட்மேப் வைத்துவிடும் என்பதால் உங்களிடம் அநேகமாக இருக்கும். எம்டிஸ்டாட்டில் "பிட்மேப்" என்று தொடங்கும் வரி அதுதான். இல்லையென்றால் --ஆட் போட்டு முழு நகலுக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

டிஸ்க்தான் காரணம் என்றால் மாற்றல். இங்கேதான் பெரிய விபத்துகள் நடக்கின்றன: நல்ல டிஸ்க்கைக் கழற்றிவிடுவது. எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்கள் ஒவ்வொரு பூட்டிலும் இடம் மாறலாம். நம்ப வேண்டியது சீரியல் எண் ஒன்றைத்தான். எல்எஸ்பிஎல்கே -ஓ நேம்,சைஸ்,சீரியல் என்று கொடுத்தால் பட்டியல் வரும். அந்த எண்ணை டிஸ்க்கின் லேபிளோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்ட பிறகே ஸ்குரூவில் கை வையுங்கள். கேபினட்டில் மாட்டும்போதே சீரியலின் கடைசி நான்கு எழுத்தை ஒரு ஸ்டிக்கரில் எழுதி, டிஸ்க்கின் வெளியே தெரியும் விளிம்பில் ஒட்டிவிட்டால் இரவு பதினொரு மணிக்கு டார்ச் அடித்துப் பார்க்கும் பாடு மிச்சம்.

வரிசை இதுதான்: --ஃபெயில், --ரிமூவ், கணினியை அணைத்தல், மாற்றல், புதியதில் பார்ட்டிஷன் போடுதல், --ஆட். பழைய டிஸ்க் முழுதாகச் சாகாமல் முனகிக்கொண்டிருந்தால் இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. மூன்றாவது சாட்டா போர்ட்டில் புதியதை மாட்டி, --ஆட் செய்து, பிறகு --ரீப்ளேஸ் /டெவ்/எஸ்டிஏ1 --வித் /டெவ்/எஸ்டிசி1 என்று கொடுங்கள். நகலெடுத்து முடியும் வரை பழையதும் மிரரில் இருக்கும். அந்த ஏழெட்டு மணி நேரம் ஒற்றைக் காலில் நிற்க வேண்டாம்.

பார்ட்டிஷன் அட்டவணையை எஸ்ஜிடிஸ்க் -ஆர் (பெரிய எழுத்து) கொண்டு நகலெடுப்பவர்கள் கவனிக்க: -ஆர்-ஐ அடுத்து வருவது புது டிஸ்க், கடைசியில் வருவது பழையது. மாற்றிப் போட்டால் வெற்று அட்டவணை நல்ல டிஸ்க்கின் மேல் போய் உட்காரும். நகலெடுத்த பின் புதியதன் மேல் எஸ்ஜிடிஸ்க் -ஜி (இதுவும் பெரிய எழுத்து) கொடுத்து அடையாள எண்களை மாற்றிவிடுங்கள்.

பழையதை உடனே அழிக்கவோ வாரண்டிக்கு அனுப்பவோ வேண்டாம். [யூயூ] வரும் வரை மேசை டிராயரில் கிடக்கட்டும்.

அறிகுறி: சோதனையில் டிஸ்க் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனாலும் அவ்வப்போது மிரரிலிருந்து வெளியேற்றப்படுகிறது

இரண்டு பேரின் பொறுமைக்கு இடையே உள்ள பொருத்தமின்மை இது. டெஸ்க்டாப் டிஸ்க் ஒரு செக்டரைப் படிக்க முடியாவிட்டால் "இன்னொரு தடவை, இன்னொரு தடவை" என்று நிமிடக்கணக்கில் முயன்றுகொண்டே இருக்கும். தனியாக இருக்கும் டிஸ்க்குக்கு அது நல்ல குணம். லினக்ஸ் கர்னலோ 30 விநாடிதான் காத்திருக்கும். அதற்குள் பதில் வரவில்லை என்றால் இணைப்பையே ரீசெட் செய்யும். டிஸ்க் அப்போதும் தன் முயற்சியில் மூழ்கியிருந்தால் அது செத்துவிட்டதாகக் கணக்கு வைத்து எம்டி வெளியே தள்ளும். ஒரே ஒரு கெட்ட செக்டருக்காக 4 டிபி டிஸ்க் முழுவதும் வெளியே.

நாஸ்ஸுக்கென (நெட்வொர்க்கில் இணைக்கும் சேமிப்புப் பெட்டிக்கென) விற்கும் டிஸ்க்குகள் பெரும்பாலும் ஏழு விநாடியில் "முடியவில்லை" என்று சொல்லிவிடும். சொல்லிவிட்டால் எம்டி அந்தப் பகுதியை மற்ற டிஸ்க்கிலிருந்து படித்து, கெட்ட இடத்தின் மேல் திரும்ப எழுதும். டிஸ்க் அந்த செக்டரை ஒதுக்கிக்கொள்ளும். யாருக்கும் தெரியாமல் காரியம் முடியும்.

உங்கள் டிஸ்க் எந்த வகை என்று ஸ்மார்ட்சிடிஎல் -எல் எஸ்சிடிஇஆர்சி காட்டும். "டிஸேபிள்ட்" என்று வந்தால் அதே கட்டளையில் எஸ்சிடிஇஆர்சி,70,70 என்று கொடுங்கள். அலகு பத்தில் ஒரு விநாடி, ஆக 70 என்றால் ஏழு விநாடி. இந்த வசதியே இல்லை என்று வந்தால் கர்னலை இன்னும் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள்: /சிஸ்/பிளாக்/எஸ்டிஏ/டிவைஸ்/டைம்அவுட் கோப்பில் 180 என்று எழுத வேண்டும். இரண்டுமே கணினியை அணைத்துப் போட்டால் மறந்துவிடும். பூட் ஆகும்போது ஓடும் ஒரு சிறு ஸ்கிரிப்ட்டில் போட்டுவிடுங்கள்.

அறிகுறி: இப்போதுதான் உருவாக்கினேன், வெற்று டிஸ்க்கில் என்னவோ நகலெடுத்துக்கொண்டே இருக்கிறது

இது கோளாறே இல்லை. --க்ரியேட் /டெவ்/எம்டி0 --லெவல்=1 --ரெய்ட்-டிவைசஸ்=2 என்று போட்டு இரண்டு பார்ட்டிஷனைக் கொடுத்ததும், இரண்டும் பிளாக்குக்கு பிளாக் ஒன்றாக வேண்டும் என்பதற்காக எம்டி முதல் டிஸ்க்கை இரண்டாவதில் நகலெடுக்கும். காலியா நிறைந்ததா என்பது அதற்குத் தெரியாது. அது இருப்பது ஃபைல் சிஸ்டத்துக்குக் கீழே. விநாடிக்கு 150 எம்பி என்று வைத்தால் 4 டிபிக்கு ஏழரை மணி நேரம். அதற்குள் ஃபார்மேட் செய்து, மவுன்ட் செய்து, பயன்படுத்தத் தொடங்கலாம். உருவாக்கும்போது "இது பூட் டிஸ்க்குக்கு ஏற்றதாக இல்லாமல் போகலாம்" என்று ஒரு கேள்வி வரும். தரவுக்கு மட்டும் என்றால் தயங்காமல் ஆம்.

அறிகுறி: புது டிஸ்க்கைச் சேர்க்க மறுக்கிறது, அளவு போதவில்லை என்கிறது

4 டிபி என்று பெட்டியில் போட்டிருந்தாலும் சில எம்பி வித்தியாசம் வரலாம், குறிப்பாக யூஎஸ்பி பெட்டியிலிருந்து கழற்றியதென்றால். அமைக்கும்போதே கடைசியில் ஒரு 200 எம்பி விட்டுப் பார்ட்டிஷன் போட்டிருந்தால் இந்தத் தலைவலி வராது. இப்போது வந்துவிட்டதா, அடுத்த பெரிய அளவு டிஸ்க்காக வாங்குங்கள். ஃபைல் சிஸ்டத்தைச் சுருக்கி, மிரரைச் சுருக்கி என்று ஒற்றை டிஸ்க்கில் நின்றுகொண்டு சர்க்கஸ் காட்டுவது வேண்டாத வேலை.

வாங்கும்போது இன்னொன்று. கடையில் ஒரே அட்டைப் பெட்டியிலிருந்து இரண்டு எடுத்துக் கொடுப்பார்கள். ஒரே நாளில் தயாராகி, ஒரே லாரியில் குலுங்கி வந்தவை. வேறு வேறு நிறுவனமாக எடுத்தால் மிரருக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

அறிகுறி: நேற்று எம்டி0, இன்று எம்டி127

ரீபூட் செய்ததும் பெயர் மாறிவிட்டது, பூட் ஆகும்போது எதை எங்கே மவுன்ட் செய்வது என்று சொல்லும் எஃப்ஸ்டாப் கோப்பில் எழுதியிருந்த மவுன்ட் நடக்கவில்லை. தரவுக்கு ஒன்றுமில்லை. பூட்டின் தொடக்கத்தில் ஓடும் இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்கு உங்கள் மிரரைப் பற்றி யாரும் சொல்லவில்லை. தெரியாத மிரருக்கு 127இலிருந்து கீழ்நோக்கி ஒரு எண்ணைக் கொடுத்துவிட்டது, அவ்வளவுதான். எம்டிஅட்ம் --டீடெயில் --ஸ்கேன் தரும் வரியை எம்டிஅட்ம்.கான்ஃப் கோப்பின் இறுதியில் சேர்த்து, பெயர் எம்டி0 என்று இருக்கிறதா பார்த்து, அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ ஓட்டுங்கள். இந்தக் கடைசிப் படியைப் பலர் விட்டுவிட்டு, கோப்பில் சரியாகத்தானே இருக்கிறது என்று தலையைச் சொறிவார்கள். எஃப்ஸ்டாப்பில் எம்டி0 என்று எழுதுவதை விட்டு, பிஎல்கேஐடி கட்டளை காட்டும் ஃபைல் சிஸ்டத்தின் யூயூஐடியை (தனி அடையாள எண்ணை) எழுதினால் பெயர் என்னவானாலும் கவலையில்லை. எழுத வேண்டியது எம்டியின் மேல் உள்ள ஃபைல் சிஸ்டத்தின் யூயூஐடி, டிஸ்க் பார்ட்டிஷனுடையது அல்ல.

அறிகுறி: மின்வெட்டுக்குப் பிறகு "இன்ஆக்டிவ்"

எம்டிஸ்டாட்டில் இன்ஆக்டிவ் என்று வந்து, டிஸ்க்குகளின் பக்கத்தில் (எஸ்) என்று ஸ்பேராகக் காட்டினால் பயப்படாதீர்கள். துண்டுகள் கிடைத்தன, சேர்ந்து ஓடவில்லை என்று மட்டும் பொருள். முதலில் எம்டிஅட்ம் --எக்ஸாமின் இரண்டு பார்ட்டிஷனுக்கும் கொடுத்து "ஈவென்ட்ஸ்" என்ற எண்ணையும் "அப்டேட் டைம்" வரியையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் எம்டிஅட்ம் --ஸ்டாப் /டெவ்/எம்டி0, பிறகு எம்டிஅட்ம் --அசெம்பிள் --ஸ்கேன். பெரும்பாலும் இதிலேயே முடிந்துவிடும்.

எண் வேறுபட்டால், அதிகம் உள்ளதுதான் புதியது. அப்டேட் டைமையும் படியுங்கள். ஒன்று நேற்றையது, மற்றது நான்கு மாதம் பழையது என்றால் மின்வெட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. மிரர் நான்கு மாதமாக ஒற்றை டிஸ்க்கில் ஓடியிருக்கிறது. புதியதை மட்டும் கொடுத்து --அசெம்பிள் --ரன் என்று ஓட்டி, முக்கியமானவற்றை வெளி டிஸ்க்கில் எடுத்த பிறகு பழையதைச் சேருங்கள். அதைச் சேர்த்ததும் அதன் மேல் முழுவதும் எழுதப்படும்.

"ஆட்டோ-ரீட்-ஒன்லி" என்று மட்டும் வந்தால் விட்டுவிடுங்கள். மிரரில் முதல்முறை எதையாவது எழுதியதும் தானே போய்விடும்.

அறிகுறி: ஒரு டிஸ்க்கைக் கழற்றினால் கணினி பூட்டே ஆகவில்லை

இரண்டு வேறு வியாதிகள். சிஸ்டம் வேறு எஸ்எஸ்டியில், மிரர் தரவுக்கு மட்டும் என்றால், எமர்ஜென்சி மோடில் போய் நிற்பதற்குக் காரணம் அநேகமாக எஃப்ஸ்டாப் வரி. மிரர் கிடைக்கும் என்று 90 விநாடி காத்திருந்து, கிடைக்காமல் பூட்டையே நிறுத்திவிடும். அந்த வரியில் நோஃபெயில் சேர்த்தால் மிரர் இல்லாமலாவது கணினி எழும், நீங்களும் வசதியாகப் பழுது பார்க்கலாம்.

சிஸ்டமே மிரரில் இருந்தால் பிரச்சினை க்ரப், அதாவது லினக்ஸைத் தொடங்கிவைக்கும் நிரல். நிறுவும்போது அது ஒரு டிஸ்க்கில் மட்டும் எழுதப்பட்டிருக்கும். பழைய பயாஸ் முறை என்றால் டிபிகேஜி-ரீகான்ஃபிகர் க்ரப்-பிசி ஓட்டி இரண்டு டிஸ்க்கையும் தேர்வு செய்தால் போதும். புதிய முறையான யூஇஎஃப்ஐ என்றால், பூட் கோப்புகள் இருக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷன் மிரருக்கு வெளியே தனியாக நிற்கிறது. இரண்டாவது டிஸ்க்கிலும் ஒன்று போட்டு, உள்ளடக்கத்தை நகலெடுத்து, இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் மூலம் பூட் பட்டியலில் சேர்க்க வேண்டும். க்ரப் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் அதையும் ஒத்திசைக்க வேண்டும் என்பது கொஞ்சம் எரிச்சல்தான். வீட்டுக்கு நான் சொல்வது, சிஸ்டத்தை மிரரில் போடாதீர்கள். உபுண்டுவைத் திரும்ப நிறுவ அரை மணி நேரம் போதும். குழந்தையின் முதல் பிறந்தநாள் படங்களைத் திரும்ப எடுக்க வழி கிடையாது.

அறிகுறி: மறுகட்டமைப்பு ஆமை வேகம்

எம்டிஸ்டாட் "ஃபினிஷ்=" என்று காட்டும் நிமிடக் கணக்கு நாட்களைத் தாண்டுகிறதா? கணினியில் வேறு வேலை ஓடினால் எம்டி ஒதுங்கிக்கொள்ளும். /ப்ராக்/சிஸ்/டெவ்/ரெய்ட்/ஸ்பீட்_லிமிட்_மின் கோப்பில் இயல்பாக இருப்பது 1000, அதாவது விநாடிக்கு 1 எம்பிதான் உத்தரவாதம். அதை 50000 ஆக்கினால் வேகம் பிடிக்கும், அதுவரை கணினி கொஞ்சம் திணறும். யூஎஸ்பி பெட்டியில் டிஸ்க்கை வைத்திருந்தால் இணைப்பு விட்டு விட்டுப் போகிறதா என்று கர்னல் பதிவில் பாருங்கள். மிரரின் ஒரு கால் யூஎஸ்பியில் நிற்பது எனக்குப் பிடிக்காத ஏற்பாடு.

தொடக்கத்தில் நன்றாக ஓடி, பிறகு படிப்படியாகச் சரிந்தால் டிஸ்க் எஸ்எம்ஆர் வகையா என்று பாருங்கள். தடங்களை ஓடு வேய்ந்த மாதிரி ஒன்றன்மேல் ஒன்று படியவிட்டு எழுதும் முறை அது. ஓரிடத்தில் திருத்தினால் பக்கத்துத் தடங்களையும் திரும்ப எழுத வேண்டும். தொடர்ந்து எழுதினால் உள்ளேயிருக்கும் இடைக்கிடங்கு நிரம்பி மூச்சு வாங்கத் தொடங்கும். நாஸ்ஸுக்கென்று விற்றதால் மட்டும் எஸ்எம்ஆர் இல்லை என்றாகிவிடாது. வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசையில் 2 டிபி முதல் 6 டிபி வரையிலான சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்பது 2020 ஏப்ரலில் வெளியே வந்து, பிறகு ரெட் பிளஸ் என்று சிஎம்ஆர் (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியாத) வகையைத் தனியே பிரித்தார்கள். மாடல் எண்ணை முழுதாகக் கொடுத்து நிறுவனத்தின் பட்டியலில் பார்த்து வாங்குங்கள்.

அறிகுறி: மாதத்தில் ஒரு ஞாயிறு கணினி உறுமுகிறது

டெபியன் குடும்பத்தில் மாதத்தின் முதல் ஞாயிறு நள்ளிரவு தாண்டி முழுச் சோதனை தொடங்கும். எம்டிஸ்டாட்டில் "செக்" என்று வரும். இது நல்லது, நிறுத்தாதீர்கள். அபூர்வமாகத் திறக்கும் கோப்புகளின் அடியில் உள்ள கெட்ட செக்டர்களைக் கண்டுபிடிக்க இது நல்ல வழி. அந்நேரம் கணினியை அணைத்து வைப்பவர்கள் பகலில் /சிஸ்/பிளாக்/எம்டி0/எம்டி/சிங்க்_ஆக்‌ஷன் கோப்பில் "செக்" என்று எழுதித் தாங்களே தொடங்கலாம்.

முடிந்ததும் அதே அடைவில் மிஸ்மேட்ச்_சிஎன்டி கோப்பைப் பாருங்கள். சுழியமாக இல்லையென்றால் உடனே கலங்க வேண்டாம். ரெய்டு 1இல், குறிப்பாக ஸ்வாப் (ரேம் போதாதபோது பயன்படும் டிஸ்க் இடம்) மிரரின் மேல் இருந்தால், எழுதிக்கொண்டிருக்கும்போதே நினைவகப் பக்கம் மாறிவிடுவதால் தீங்கில்லாத வித்தியாசங்கள் வரும். வெறும் படங்கள் மட்டுமுள்ள மிரரில், ஸ்வாப் இல்லாமல், மாதா மாதம் எண் கூடினால் விஷயம் வேறு. ரேமை மெம்டெஸ்ட்டில் ஓர் இரவு ஓட்டுங்கள், கேபிளைப் பாருங்கள். "ரிப்பேர்" என்று எழுதினால் எண் சுழியமாகிவிடும், ஆனால் இரண்டு பிரதியில் எது சரி என்று எம்டிக்குத் தெரியாது. முதலாவதை எடுத்து மற்றதன் மேல் எழுதிவிடும். எது சரி என்று தெரிய வேண்டுமென்றால் செக்சம் (தரவு கெட்டதா என்று சரிபார்க்கும் எண்) வைத்திருக்கும் இசட்எஃப்எஸ் அல்லது பிடிஆர்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம் பக்கம் போக வேண்டும்.

அறிகுறி: மறுகட்டமைப்பு நடுவிலேயே நல்ல டிஸ்க்கும் பிழை காட்டுகிறது

எல்லாவற்றிலும் மோசமானது. ஒரு வருடமாகச் சோதனையே ஓடாத மிரர்களில்தான் அதிகம் நடக்கும். புது டிஸ்க்குக்கு நகல் போய்க்கொண்டிருக்கும்போது, மிஞ்சியிருந்த ஒரே டிஸ்க்கில் படிக்க முடியாத செக்டர் சிக்கும். நகல் நின்றுவிடும் அல்லது திரும்பத் திரும்ப முதலிலிருந்து தொடங்கும்.

திரும்ப முயன்று பார்ப்பதை நிறுத்துங்கள். ஒவ்வொரு முயற்சியும் அந்த டிஸ்க்கின் ஆயுளைத் தின்கிறது. ஃபைல் சிஸ்டத்தை அன்மவுன்ட் செய்து, மிரரை --ஸ்டாப் செய்து, ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ கொண்டு அந்தப் பார்ட்டிஷனை அப்படியே புது டிஸ்க்கின் பார்ட்டிஷனுக்கு எடுங்கள். மேப் கோப்பின் பெயரைக் கட்டாயம் கொடுங்கள், அதை மூன்றாவது ஓரிடத்தில் வையுங்கள். நடுவில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். அது முதலில் நல்ல பகுதிகளை அள்ளிக்கொண்டு, கெட்ட இடங்களைக் கடைசியில் சுரண்டிப் பார்க்கும். பெரும்பாலான சமயங்களில் போவது சில கேபிதான்.

முடிந்ததும் பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டுத்தான் கணினியைத் திரும்ப எழுப்ப வேண்டும். இரண்டிலும் ஒரே சூப்பர்பிளாக் இருப்பதால் எம்டி குழம்பும். புதியதை மட்டும் கொடுத்து --அசெம்பிள் --ரன், பிறகு ஃபைல் சிஸ்டத்தைச் சோதிக்கும் ஈ2எஃப்எஸ்சிகே -எஃப் -என். அந்த -என் எதையும் எழுதாமல் சொல்ல மட்டும் செய்யும். பட்டியல் சிறிதாக இருந்தால் -என் இல்லாமல் ஓட்டிச் சரிசெய்து, படிக்க மட்டும் என்று மவுன்ட் செய்து, வெளி டிஸ்க்கில் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். இரண்டாவது புது டிஸ்க்கை --ஆட் செய்வது அதற்குப் பிறகு. டிடிரெஸ்க்யூ கிளிக் கிளிக் என்ற சத்தத்தோடு ஒரு மணி நேரமாக ஓர் எம்பிகூட நகரவில்லை என்றால் பவரை எடுத்துவிட்டு, தூசியில்லா அறை வைத்திருக்கும் தரவு மீட்பு நிறுவனத்திடம் கொண்டுபோங்கள். வீட்டில் மூடியைத் திறக்கவோ, ஃப்ரிட்ஜில் வைத்துப் பார்க்கவோ வேண்டாம்.